ஆறரை லட்சத்துக்கு ஒரு ஆபீசர் கார்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கக் கிளம்பும் யாரையும் கேட்டுப் பாருங்கள். எந்த வண்டி என்றால் ஸ்விஃப்ட் என்பார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹோண்டா சிட்டி. வீட்டில் ஆள் அதிகம் என்றால் இன்னோவா. இந்த மூன்று பெயரைத் தாண்டி நாலாவது பெயர் வருவது அபூர்வம். எல்லோரும் ஒரே வண்டியைத் துரத்தினால் அதன் விலை எப்படி இறங்கும்? கிராக்கி இருக்கிற இடத்தில் மலிவு இருக்காது. பி.காம் முதல் வருடத்திலேயே வரும் பாடம் இது.

மலிவு எங்கே இருக்கும் என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத வண்டியில். அப்படி ஒன்றுதான் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் பெட்ரோல், அதிலும் 2014 முதல் 2020 வரை விற்ற மாடல். ஒரு காலத்தில் டாக்டர்களும் கம்பெனி மேனேஜர்களும் பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போன வண்டி. 'எக்ஸிகியூட்டிவ் செடான்' என்று விளம்பரத்தில் சொல்வார்கள். நம்மூர் பாஷையில் ஆபீசர் கார்.

வண்டியில் என்ன இருக்கிறது?

கொரோலா என்கிற பெயர் 1966-ல் ஜப்பானில் பிறந்தது. இதுவரை உலகம் முழுக்க ஐந்து கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. இந்தியாவுக்கு 2003-ல் வந்தது. இங்கே சொல்லும் மாடல் 2014-ல் வந்து, பெங்களூர் பக்கத்தில் பிடதியில் தயாரானது. பி.எஸ்.6 விதி வந்த 2020-ல் இந்தியாவில் விற்பனை நின்றது.

பெட்ரோல் எஞ்சின் 1798 சிசி, சுமார் 140 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பெல்ட் மாற்று என்கிற செலவு இல்லை. டர்போவும் இல்லை. ஆறு கியர் மேனுவலும் உண்டு, சிவிடி ஆட்டோமேட்டிக்கும் உண்டு. நீளம் 4620 மில்லிமீட்டர், இரண்டு சக்கரத்துக்கு நடுவில் 2700. பின்னால் தரை சமமாக இருப்பதால் நடுவில் உட்காருகிறவர் காலை அகட்டி வைக்க வேண்டியதில்லை. டிக்கி 470 லிட்டர்.

டீசலிலும் வந்தது. 1364 சிசி, 88 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது. மைலேஜுக்காக வாங்கியவர்கள் நிறைய ஓட்டியும் இருப்பார்கள். டீசலை விட்டுவிடலாம்.

பிறகு ஏன் சீந்துவாரில்லை?

முதல் காரணம், "எவ்வளவு குடுக்கும்?" என்கிற அந்த ஒரே கேள்வி. ஊருக்குள் பத்து, பதினொன்று. ஹைவேயில் பதிமூன்று, பதினாலு. இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டாவது, எஸ்யூவி மோகம். உயரமாக இல்லாத எதையும் கார் என்றே ஒப்புக்கொள்ளாத காலம் இது. ஆல்டிஸ் மட்டுமல்ல, அந்த வகையே இங்கே ஒழிந்துபோனது. ஹோண்டா சிவிக் 2020-ல் போனது, எலன்ட்ரா 2022-ல், ஆக்டேவியா 2023-ல். ஷோரூமில் இல்லாத வண்டி மனதிலும் இருப்பதில்லை.

மூன்றாவது, "பெரிய கார், ஸ்பேர் விலை கொன்றுவிடும்" என்கிற பயம். இதில் பாதி உண்மை. ஹெட்லைட் உடைந்தால் ஸ்விஃப்ட் விலையில் கிடைக்காது. ஆனால் ஜெர்மன் கார்களோடு இதைச் சேர்க்கவும் கூடாது. கம்பெனி ஊரைவிட்டே போய்விடவில்லை. டொயோட்டா சர்வீஸ் சென்டர் எல்லா பெரிய ஊரிலும் இருக்கிறது.

நாலாவது, இந்த வண்டி போரடிக்கும். ஆமாம், போரடிக்கத்தான் செய்யும். ஆனால் பழைய காரில் போரடிப்பது ஒரு நல்ல குணம். மெக்கானிக் ஷெட்டில் தினம் ஒரு சுவாரஸ்யம் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல் :)

முதல் ஓனர் கட்டிய மொய்

2014-ல் இந்த மாடல் வந்தபோது ஷோரூம் விலை ஏறக்குறைய பன்னிரண்டு லட்சத்தில் ஆரம்பித்து பதினாறு பதினேழு வரை போனது. பதினைந்து லட்சத்துக்கு ஒருவர் வாங்கினார் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் அன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு லைஃப் டாக்ஸ் 15 சதவீதம். அதாவது இரண்டே கால் லட்சம் வரியாகவே போனது. அந்த வரியை அவர் கட்டிவிட்டார். அதே மாநிலத்துக்குள் நீங்கள் வாங்கினால் மறுபடி கட்ட வேண்டாம். புது வண்டி வாங்குகிறவரோ, 2023 நவம்பரில் ஏற்றிய வரிப்படி, பத்து முதல் இருபது லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வகைக் கார்களில் நிறைய கம்பெனி பெயரிலோ டாக்டரின் தொழில் கணக்கிலோ வாங்கப்பட்டவை. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், மீதி மதிப்பின் மேல். பதினைந்து லட்சத்தை ஒன்பது வருடம் இப்படிக் கழித்தால் ஏட்டில் மிஞ்சுவது சுமார் மூன்றரை லட்சம்தான். கழித்த வரையில் வரியும் மிச்சம். அப்படிப்பட்ட ஓனருக்கு ஆறரை லட்சம் கிடைத்தாலே திருப்தி. பேரம் பேசப் போகும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, இது மலிவா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "பதினைந்து லட்ச வண்டி ஆறரைக்கு" என்றதும் மலிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலிவு என்பது தனியாக நிற்கிற வார்த்தை இல்லை. எதைவிட மலிவு என்று கேட்க வேண்டும்.

ஒரு குடும்பம் வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது, ஐந்து வருடம் வைத்திருக்கிறது, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குகிற விலையும் விற்கிற விலையும் ஒரு உத்தேசம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் புது சின்னக் கார். ஆன்ரோடு எட்டரை லட்சம், ஐந்து வருடம் கழித்து நாலரைக்கு விற்றால் இழப்பு 4 லட்சம். பதினேழு கிலோமீட்டர் மைலேஜில் பெட்ரோல் 2.35 லட்சம். சர்வீஸ் முப்பதாயிரம். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், 2022-ல் அறிவித்த 3,416 ரூபாய்ப்படி, ஐந்து வருடத்துக்குச் சுமார் பதினேழாயிரம். மொத்தம் சுமார் 6.8 லட்சம்.

அடுத்து ஆல்டிஸ், 2016 மாடல். ஆறரைக்கு வாங்கி இரண்டு லட்சத்துக்கு விற்றால் இழப்பு நாலரை. பதினொன்று மைலேஜில் பெட்ரோல் 3.64 லட்சம். சர்வீஸ், டயர், சஸ்பென்ஷன் வேலை எல்லாம் சேர்த்து வருடம் இருபதாயிரம் என்றால் ஒரு லட்சம். 1500 சிசி-க்கு மேல் என்பதால் தேர்ட் பார்ட்டி 7,897 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 39 ஆயிரம். மொத்தம் சுமார் 9.5 லட்சம்.

ஆக, சின்னக் காரைவிட 2.7 லட்சம் அதிகம். மாதம் நாலாயிரத்து ஐநூறு ரூபாய். எட்டு லட்சத்துக்கு மேல் ஒரு பைசா முடியாது என்கிற வீட்டுக்கு ஆல்டிஸ் மலிவே இல்லை. விலை குறைவாகத் தெரிகிற செலவு அது. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓடுகிற குடும்பம் இதை வாங்கினால், ஒரு வருடத்தில் வண்டி வாசலில் கவர் போட்டு நிற்கும்.

இப்போது மூன்றாவது ஆளைப் பார்க்கலாம். இன்று நடுத்தர வீடுகள் பலவும் தாவுவது சின்ன எஸ்யூவிக்குத்தான். ஆன்ரோடு பதிமூன்று லட்சம், ஐந்து வருடம் கழித்து ஏழுக்கு விற்றால் இழப்பு 6 லட்சம். பதினைந்து மைலேஜில் பெட்ரோல் 2.67. சர்வீஸும் தேர்ட் பார்ட்டியும் சேர்த்து அரை லட்சம். இதோடு முடியவில்லை. எட்டு லட்சம் லோன், 9 சதவீதம், அறுபது மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 16,600. வட்டி மட்டும் 1.96 லட்சம். மொத்தம் 11 லட்சத்தைத் தாண்டும். மற்ற இன்ஷூரன்ஸை எதிலுமே சேர்க்கவில்லை. சேர்த்தால் விலை அதிகமான புது வண்டிக்குத்தான் பிரீமியமும் அதிகம்.

இவரோடு ஒப்பிட்டால்தான் ஆல்டிஸ் மலிவு. ஐந்து வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். அதைவிட முக்கியம், அறுபது மாதம் தலைமேல் கடன் இல்லை. உட்கார இடமும் அந்தப் பதிமூன்று லட்ச வண்டிக்குக் குறையாது.

லோன் போட்டால் கணக்கு கெட்டது

பழைய காருக்கு வட்டி அதிகம். ஐந்து லட்சத்தை 13 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் வட்டி 1.83 லட்சம். புது காருக்கு ஏழு லட்சத்தை 9 சதவீதத்தில் வாங்கினால்கூட வட்டி 1.72 லட்சம்தான்! குறைந்த கடனுக்கு அதிக வட்டி. ஆகவே இந்த வண்டியைக் கைக்காசில் வாங்க வேண்டும். வாங்கின பிறகும் ஒரு லட்சம் ரூபாய் வங்கியில் தொடாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு லட்சமும் வண்டியின் விலையில் சேர்த்தி.

ஓட்டமும் முக்கியம். தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஆபீசுக்குப் போய்வருகிறவர் வருடம் பதினைந்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டுவார். அவருக்குப் பெட்ரோல் பில்லே எல்லா லாபத்தையும் தின்றுவிடும். வாரக்கடைசியில் கோயில், மாதம் ஒருமுறை சொந்த ஊர், கல்யாணம் காட்சி என்று ஓட்டுகிறவருக்குத்தான் இது சரிப்படும்.

வாங்கும் முன்

சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள். மீட்டரைத் திருப்புவது இன்று பெரிய வித்தை இல்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டி, மூன்று வருடம் முன்னால் சர்வீஸுக்கு வந்தபோதே எழுபதாயிரம் ஓடியிருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்று எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். அவை எல்லாம் காயலான் கடைக்கா போயிருக்கும்? கால்மிதிக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் ரயிலில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஏசி போட்டதும் புழுங்கல் வாடை. இதில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

டெல்லி வண்டி விலை குறைவாக இருக்கும். பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடம், டீசலுக்குப் பத்து வருடம் என்று அங்கே கெடுபிடி வந்ததிலிருந்து பழைய வண்டிகள் தெற்கே வர ஆரம்பித்தன. வாங்கினால் என்ஓசி வேண்டும், தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸும் கட்ட வேண்டும். முதல் ஓனர் கட்டிய மொய் உங்களுக்குக் கிடைக்கிறது என்று மேலே சொன்ன லாபம் அங்கேயே காலி.

ஆர்சியில் லோன் பாக்கி இருக்கிறதா, சலான் நிற்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். ஆர்சிக்கு ஆயுள் பதினைந்து வருடம். 2016 வண்டிக்கு 2031-ல் எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

இன்னொரு விஷயம், இ20 பெட்ரோல். அதை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை இது. மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி வைப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் என்றால் சிவிடி ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள்.

டீலரிடம் வாங்கினால், 18 சதவீத ஜிஎஸ்டி என்று சொல்லி முழு விலைக்கும் கணக்குப் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வரி டீலரின் லாபத்துக்கு மட்டும்தான். தனி ஆளிடம் நேராக வாங்கினால் அதுவும் இல்லை.

முடிவாக

கடன் வாங்கி எஸ்யூவி எடுக்க இருப்பவரா, கையில் எட்டு லட்சம் இருக்கிறதா, வருடம் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல ஆல்டிஸ் ஒன்றைப் பாருங்கள். ஆறரைக்கு வண்டி, ஒரு லட்சம் ரிப்பேருக்கு ஒதுக்கி வைத்தது, மீதி ஆர்சி மாற்றவும் இன்ஷூரன்ஸுக்கும். எட்டுக்குள் முடியும்.

இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சின்னக் காரே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய காரின் விலைதான் தேய்ந்திருக்கிறதே தவிர, அதன் பசி தேயவில்லை.