முதலாளிகள் கட்டிய கூடம்

மான்செஸ்டரின் பிரின்சஸ் தெருவில் இருக்கும் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தைப் பிரிட்டிஷ் தொழிற்சங்க இயக்கத்தின் பிறப்பிடம் என்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் காதில் விழுந்திருந்தால் பதறிப்போயிருப்பார்கள்.

1824-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் பெஞ்சமின் ஹேவுட் வங்கியாளர். வில்லியம் ஃபேர்பேர்ன் எந்திரத் தொழிலதிபர். கைவினைஞன் தன் தொழிலுக்கு அடியில் உள்ள அறிவியலைக் கற்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அறிவியல் சரி, அரசியல் வாதத்துக்கு அங்கே இடமில்லை. கற்க வருபவனுக்கு நிர்வாகத்தில் குரலும் இல்லை. பொறுக்காமல் 1829-இல் ரோலண்ட் டெட்ரோசியர் தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்துபோனது. முதலாளிக்குப் பயன்படும் அறிவைத்தான் இத்தகைய நிறுவனங்கள் புகட்டுகின்றன என்று 1845-இல் எங்கெல்ஸும் சாடினார். நாளெல்லாம் ஆலையில் நின்றவனுக்கு இரவில் வேதியியல் ஏறுமா என்பது வேறு கேள்வி. பல ஊர்களில் இத்தகைய வகுப்புகளை நிரப்பியவர்கள் குமாஸ்தாக்களே.

இன்று நாம் காணும் கட்டடம் 1850-களின் நடுவில், ஜே.ஈ. கிரெகன் வரைந்த இத்தாலிய மாளிகைப் பாணியில் எழுந்தது. கல்விக்கான கம்பீரம் என்பதைவிட, கொடுத்தவர்களின் கம்பீரம் என்றே எனக்குப் படுகிறது.

1867-இல் தொழிற்சங்கங்களை உலுக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. பிராட்ஃபோர்டில் கொதிகலன் தொழிலாளர் சங்கக் கிளையின் பொருளாளர் 24 பவுண்டைத் திருப்பித் தரவில்லை. வழக்குப் போட்டால், சங்கப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சங்கங்களை விசாரிக்க அரசு ஆணையமும் அதே ஆண்டில் அமர்ந்தது.

இந்த நெருக்கடியில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு சங்கங்களின் கூட்டமைப்பு நாடெங்கும் அழைப்பு அனுப்பியது. 1868 ஜூன் 2 முதல் 6 வரை 34 பிரதிநிதிகள் இந்தக் கூடத்தில் கூடினார்கள். அதுவே முதல் தொழிற்சங்க காங்கிரஸ். அறிஞர் சபைகளைப் போலக் கட்டுரை வாசித்து விவாதிப்பதென்று அழைப்பிலேயே இருந்தது. அதற்கொரு பழைய வலி உண்டு: ஷெஃபீல்டில் நடந்த சமூக அறிவியல் சங்க மாநாட்டில் அச்சுத் தொழிலாளி வில்லியம் டிரான்ஃபீல்ட் வாசித்த கட்டுரையை அச்சான தொகுப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

அழைப்பில் இருந்த தலைப்புகளில் வேலை நேரம், மறியல் சட்டம் இவற்றோடு ஹேவுட்டுக்குப் பிடித்த பாடமும் ஒன்று: தொழிற்கல்வி. இம்முறை பேசவேண்டியவர்கள் தொழிலாளிகள்.