முட்டைக்கு எதுக்குய்யா பாதாம் மாவு?

பேலியோ டயட் பற்றி ஊரே பேசி ஓய்ந்தாச்சு, இவன் எதுக்கு இப்போ வர்றான்னு கேட்கிறீங்களா? எனக்கு பேலியோ மேல கோபம் கிடையாது. கோபமெல்லாம் 'பேலியோ முட்டை பரோட்டா', 'பேலியோ முட்டை பஜ்ஜி' என்று சுற்றிவரும் சமையல் குறிப்புகள் மேலதான். மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு, கடலை மாவுக்குப் பதில் தேங்காய் மாவு, ஒட்டுறதுக்கு இசப்கோல். கேட்டால் 'பிடிச்சதை விடாம டயட்' என்கிறார்கள்.

விதி என்னவோ சுருக்கம்தான். தானியம், பருப்பு, சர்க்கரை, ரீஃபைண்ட் எண்ணெய் கூடாது. லோரன் கார்டெயின் 2002ல் கொண்டுவந்த புத்தகப்படி பால் பொருளும் கூடாது. நம்ம ஊர் பேலியோக்காரர்கள் நெய், தயிர், பனீர் சேர்த்துக்கொள்கிறார்கள். முட்டைக்கு இரண்டு கட்சியிலும் தடையில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் கம்மி. அதாவது பிரச்சனை முட்டையில் இல்லை, பக்கத்தில் நாம வைக்கிற அயிட்டத்தில்.

இப்போ நம்ம வீட்டு முட்டை ஐட்டங்களை வரிசையா பாருங்க.

பொடிமாஸ்: தாளிப்பில் உளுத்தம்பருப்பை விட்டுட்டு, செக்கு தேங்காய் எண்ணெயில் செய்தால் முடிஞ்சது. முட்டைக் குழம்பு: கெட்டியாக்க அரைக்கிற பொட்டுக்கடலைக்குப் பதில் தேங்காயும் கசகசாவும். கொங்குப் பக்கம் பரோட்டாக் கடைகளில் போடுற கலக்கி: முட்டையைப் பத்திப் பேச்சே இல்லை, சால்னாவில்தான் கடலை இருக்கும். அதையும் குழம்பு மாதிரியே தேங்காயில் மாத்திக்கலாம். கொத்து பரோட்டாவா? பரோட்டா இடத்தில் முட்டைக்கோஸை நீளமா நறுக்கிப் போட்டு, வெங்காயம், மிளகு, முட்டையோட கொத்துங்க. பரோட்டா மாதிரி இருக்காது. ஆனா நல்லா இருக்கும்.

முட்டை பஜ்ஜி, முட்டை பிரியாணி இரண்டுக்கும் வழி கிடையாது. அதை ஒத்துக்கிட்டுப் போறதில் என்ன குறைஞ்சிடும்?

பி.காம். பாடத்தில் பதிலீட்டுப் பொருள்னு ஒண்ணு வரும். டீ விலை ஏறினா காபிக்கு மாறுறது மாதிரி. பல மடங்கு விலை கூடி, ருசி பாதியாகி வர்ற பொருளுக்கு அந்தப் பாடத்தில் பேரே இல்லை :-) எடை குறைக்க வந்தவங்க இன்னொரு கணக்கும் போடணும். 100 கிராம் பாதாமில் கிட்டத்தட்ட 580 கலோரி. அது எட்டு முட்டைக்குச் சமம். ரெண்டு மூணு பேலியோ பரோட்டாவில் அது காணாமப் போயிடும்.

இது வெறும் ருசிச் சண்டை இல்லை. எங்க அம்மாவுக்கு சர்க்கரை. போன வருஷம் பேலியோ ஆரம்பிச்சாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் அனுப்பின குறிப்புகளில் பாதிக்கு மேல பாதாம் மாவு. வீட்டுக் கணக்கு எழுதுறது நான்தான். மத்தவங்க எல்லாரும் சாப்பிட்ட அரிசியைவிட அம்மாவோட பாதாம் செலவு அதிகம். "எனக்குன்னு தனியா இவ்வளவா?" என்று மூணாவது வாரமே நிறுத்திட்டாங்க. அவங்க கைப்பக்குவத்தில் வர்ற பொடிமாஸும் குழம்பும் ஏற்கனவே முக்கால்வாசி பேலியோதான்னு அந்தக் குறிப்புகளில் ஒரு வரி இல்லை.

'பரோட்டா ஆசை வந்தா என்ன பண்றது? போலியாவது இருந்தாத்தானே தாக்குப்பிடிக்க முடியும்?' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனா போலி பரோட்டா ஒவ்வொரு வாயிலும் அசல் பரோட்டாவைத்தான் ஞாபகப்படுத்துது. முட்டைக்கோஸ் கொத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அது தனி ஐட்டம்.

'கற்கால மனுஷன் சாப்பாடு' என்று புனிதம் பேசுறவங்களுக்கும் ஒண்ணு. 2022ல் வெளியான ஆய்வுகள்படி, கோழி மனுஷனோட ஒட்டினதே நெல், தினை பயிரிட்ட பிறகுதான். இதுவரை கிடைச்சதில் பழமையான வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட்டில், சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தினது. தானியத்தைப் பார்த்து வந்த கோழியோட முட்டையை வச்சுக்கிட்டு தானியத்தைத் திட்டுறோம். டயட் பலன் தந்தா பின்பற்றுங்க, கற்காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம சோத்தை நிறுத்தாதீங்க. மருந்து அளவு அதே இருந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். சமையல் குறிப்பு எழுதுறவங்க பாதாம் மாவுக்கு முன்னாடி எழுத வேண்டிய வரி இதுதான்.

மத்தபடி உங்க வீட்டுச் சமையலில் எதை எடுக்கணும்னு மட்டும் பாருங்க. எதை வாங்கணும்னு சொல்ல கடைக்காரர் இருக்கார்.