இராமானுஜனின் அடுப்பு

ஆண்டுதோறும் டிசம்பர் 22 வந்துவிட்டால் இராமானுஜனைப் பற்றி நாம் இரண்டு பேச்சுக்களையே கேட்கிறோம். ஒன்றில் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்கிறாள். மற்றதில், கணிதம் தவிர வேறெதையும் ஏறெடுத்தும் பாராத ஒற்றை மனம் உலகை வெல்கிறது. முதலாவதைப் பக்தர்களிடம் விட்டுவிடுவோம். நம் வழக்கு இரண்டாவதோடுதான்.

அதற்கு ஆதாரமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. ஆனால் பாடத்திட்டத்தைப் புறக்கணிப்பதும் வாழ்க்கையைப் புறக்கணிப்பதும் ஒன்றல்ல. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் தாயுடன் ஆடுபுலி ஆட்டம் ஆடிய சிறுவன் அவர். சோதிடத்திலும் கைரேகையிலும் ஈடுபாடு கொண்டவர்; நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கக் கதை சொன்னவர்.

1914-இல் கேம்பிரிட்ஜ் போய் ஆய்வு மாணவரானபோதும் இவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறவில்லை. ஒருநாள் அவர் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்க, நண்பர் மஹலனோபிஸ் பத்திரிகைப் புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபுறமும் உள்ள கதவெண்களின் கூட்டுத்தொகை சமம். அது எந்த வீடு? 288 வீடுகளில் 204-ஆவது என்பது விடை. இராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமல், இத்தகைய விடைகள் அனைத்தையும் தரும் தொடர் பின்னத்தையே சொன்னார். இதில் கணிதம் எங்கே முடிகிறது, சமையல் எங்கே தொடங்குகிறது?

அவர் தீவிர அரசியல் கருத்துடையவர், போரை வெறுத்தவர், தத்துவத்தில் நாட்டமுள்ளவர் என்று ஹார்டி பதிவு செய்திருக்கிறார். இலக்கியத்திலும் கலையிலும் அக்கறையற்றவர் என்றும் அதே ஹார்டி எழுதுகிறார். ஆகவே, இலக்கியவாசிகளாகிய நாம் அவரை நம் கட்சியில் சேர்த்துக்கொள்ள உரிமையில்லை. அது நமக்குத் தேவையுமில்லை.

ஒற்றை மனக் கோட்பாட்டை ஒரு கேள்வியே வீழ்த்தும். கணிதம் மட்டுமே போதுமானதென்றால், கேம்பிரிட்ஜ் அவருக்குச் சொர்க்கமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஹார்டி இருந்தார், லிட்டில்வுட் இருந்தார், நேரமும் இருந்தது. இல்லாதவை வேறு: வீடு, பழகிய உணவு, தன் மொழியில் பேச ஆட்கள். போர்க்காலத்தில் சைவ உணவே அரிதாயிற்று. 1917-இல் நோயில் வீழ்ந்தார். 1918-இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியதும் அதே ஆண்டில்தான். 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தபோது வயது 32.

இன்றும் விடுமுறையில் ஊர் திரும்பும் ஆய்வு மாணவன் கையில் ஒரு நாவலையோ மிருதங்கத்தையோ கண்டால், "இதெல்லாம் எதற்கு? இராமானுஜனைப் பார்" என்கிறோம். நாமும் அதையே சொல்கிறோம்: இராமானுஜனைப் பாருங்கள். நோட்டுப் புத்தகங்களை மட்டுமல்ல, அந்த அடுப்பையும் சேர்த்துப் பாருங்கள்.