என் மகன் தானாக விழவில்லை

என் மகன் வேகமாகப் போகவில்லை. தூக்கக் கலக்கத்திலும் இல்லை. கையில் போன் இல்லை. ஆனாலும் கட்டுப்பாட்டை இழந்து தானே விழுந்தான் என்று ஒரே வரியில் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். சிலிபினிலிருந்து ஜெலாப்பாங் வழியாகக் கந்தான் பக்கத்துத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனவன் அவன். மழை ரோட்டில் பின்சக்கரம் இறுகி, மோட்டாரோடு இழுத்துக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதினான். வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் சமயத்தில் பிரேக்கை மிதித்தார். அந்தப் புண்ணியவானால்தான் பிள்ளை எனக்கு மிஞ்சினான்.

மோட்டார் விழுந்தாலே ஓட்டியவன் தலையில்தான் பழியா? அந்தச் சக்கரத்தை ஒருவராவது கழற்றிப் பார்த்தார்களா? நான் கழற்றினேன்.

சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரோலர் மெஷின் பார்த்தவன் நான். உறைந்த பாலை ரோலருக்குள் விடும்போது எழும் சத்தத்திலேயே எந்தப் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்கிறது என்று சொல்லிவிடுவேன். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி பண்ணிக்கொண்டு சிலிபினுக்கு வந்த பிறகும் அந்தக் காது என்னை விட்டுப் போகவில்லை. மகன் பேரிங் மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வாசலில் வண்டி திரும்பும்போது பின்சக்கரம் ஊங்... என்று முனகியது. வேகம் கூடினால் முனகலும் கூடியது. மாட்டிய கடையிலேயே காட்டு என்றேன், காட்டினான். "செயின் சத்தம்தான் தம்பி, ஓட ஓடச் சரியாயிடும்" என்று எண்ணெயைத் தடவி அனுப்பிவிட்டார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லையே!

இப்போது அந்தப் பேரிங் என் மேசைமேல் கிடக்கிறது. 6301 என்ற அளவு: உள்ளே 12 மில்லிமீட்டர், வெளியே 37, தடிமன் 12. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓரத்து ரப்பர் மூடி பிய்ந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு போல ஒரு கசடு. குண்டுகளை இடைவெளி விட்டு நிறுத்தும் கூண்டு நொறுங்கி, குண்டுகளெல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிவிட்டன. அப்புறம் சக்கரம் எப்படி நேராக நிற்கும்? இன்னொன்றும் பார்த்தேன், அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. உள்வளையத்தின் விளிம்பில் உளி பட்ட தடம். பேரிங்கைச் சக்கரக் குடத்துக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் பள்ளம் போடும். மாட்டிய அன்றைக்கே அதன் ஆயுளைப் பாதியாக்கித்தான் என் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரை வேறு! பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். எழுத்து துணியோடு வந்துவிட்டது. அசல் என்று சொல்லி, அசலுக்கு உண்டான ரிங்கிட்டையும் வாங்கிக்கொண்டு, போலியைச் செருகியிருக்கிறார்கள்.

2023இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,443 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. எங்கள் மோட்டாருக்கு? இன்சூரன்சும் சாலை வரியும் கட்டினால் போதும், சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த 6,443 பேரில் எத்தனை பேரின் சக்கரத்தை யார் திறந்து பார்த்தார்கள்? இறந்தவன் எழுந்து வந்து சத்தம் கேட்டது என்று சொல்ல மாட்டான் என்ற தைரியம்தானே!

வேலைக்குப் போகும் வழியில் நடந்ததால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. அதுவும் இல்லையென்றால் அடுப்பு எரியாது, அதற்கு நன்றி சொல்கிறேன். நியாயம் கேட்கப் போனபோதுதான் அடுத்த அடி விழுந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் உடல் காயத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் அங்கே இடமில்லை. பேரிங் விலையைத் திருப்பிக் கேட்கலாம், என் மகன் காலைக் கேட்க முடியாது! காலுக்குக் கேட்க வேண்டுமானால் நீதிமன்றம், வக்கீல், உலோகம் அறிந்த நிபுணரின் சாட்சி. பால் வெட்டியும் ரோலர் தள்ளியும் வயிறு கழுவிய குடும்பம் அதற்கெல்லாம் எங்கே போகும்?

போலிச் சரக்கை அசல் என்று விற்பது குற்றம் என்று 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் சொல்கிறது. யார் கொண்டுவந்து போட்டார் என்று தெரிந்தால்தானே அந்தச் சட்டம் ஆளைப் பிடிக்கும்? பேரிங் மாட்டிய கடைக்கார அண்ணே, உங்கள் கடையில்தான் என் பிள்ளை பள்ளிக்கூடத்துச் சைக்கிளுக்குக் காற்றடித்தான். உங்களை நம்பித்தான் வண்டியை விட்டான். காசு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பெட்டியை யாரிடம் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சம் எத்தனை பெட்டி உங்கள் அலமாரியில் இருக்கிறது, எத்தனை பேருக்கு மாட்டி அனுப்பினீர்கள் என்றும் சொல்லுங்கள். அவர்களைக் கூப்பிட்டு நானே கழற்றிப் பார்க்கிறேன்.