நுனிப்புல் மேயட்டும், விடுங்கள்

‘நூறு புத்தகம் புரட்டுவதைவிட ஒரு புத்தகத்தை ஆழ்ந்து படிப்பதே மேல்.’ நவம்பர் 14 வந்தால் இந்த வாக்கியமும் வந்துவிடும். தேசிய நூலக வாரம் முடிகிற 20-ஆம் தேதிவரை, பொன்னாடை போர்த்திய யாராவது ஒருவர் தமிழ்நாட்டில் எங்காவது ஒரு மைக்முன் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். வருஷக்கணக்கில் கேட்டுக் காது புளித்துவிட்டது. நூலகத்துக்குப் பிள்ளைகளை வரவழைப்பதற்கென்றே ஒரு வாரம் கொண்டாடிவிட்டு, அந்த மேடையிலேயே ‘ஒன்று போதும்’ என்று சொல்கிறவரை எந்தத் தைரியத்தில் கூப்பிடுகிறார்களோ தெரியவில்லை.

தரங்கம்பாடியில் நடந்த ஒரு கூட்டம். மீனவர் தெருவைச் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஆசிரியை மேடைக்குக் கூப்பிட்டார். கிளை நூலகத்தின் சிறுவர் பகுதி முழுவதையும் படித்து முடித்துவிட்டு, இப்போது பெரியவர்கள் அலமாரியில் கைவைத்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார். சிறப்புப் பேச்சாளர் மைக்கை வாங்கினார். “இவ்வளவு படிச்சியே பாப்பா, அதுல ஒண்ணையாவது உருப்படியாப் படிச்சியா?” கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசியதும் அவரைப் போன்றவர்கள் பேசுவதும் ஒன்றுதான் என்பதால், எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம்.

கண் கெட்டுவிடும் என்றார். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மார்க் குறையும் என்றார். அப்படிக் குறைந்த பிள்ளை ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை. நிறையப் படித்தால் எதுவும் நினைவில் நிற்காது என்றார். நிற்காவிட்டால் போகட்டும். பத்தாம் வகுப்பில் அவர் உருப்போட்ட வேதியியல் சமன்பாடுகளில் இன்றைக்கு எத்தனை அவர் நினைவில் இருக்கும்? அதற்காகப் பத்தாம் வகுப்பையே எடுத்துவிடச் சொல்லவில்லையே. நுனிப்புல் மேயக்கூடாது என்பது அடுத்தது. மாடு வளர்த்தவர் இதைச் சொல்லமாட்டார். நுனியை மேய்ந்தால்தான் புல் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்குகிற மாட்டுக்கு மறுவாரம் மேய்ச்சல் இருக்காது.

இனி, திண்ணைப் பள்ளிக்கூடம். ‘நம் முன்னோர் ஒரே நூலைத் தலைகீழாகப் படித்தார்கள்.’ எந்த ஒரே நூலை? அரிச்சுவடி முடித்தால் ஆத்திசூடி, பிறகு கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, அப்புறம் சதகம், நிகண்டு, இடையிடையே எண்சுவடி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்த படிப்பு அது. ஒரு நூல் வேண்டுமென்றால் பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் ஒருவர் உட்கார்ந்து கீற வேண்டும். ஏடு வைத்திருந்தவர் வீட்டில் இரவல் கேட்டுக் கால்கடுக்க நிற்க வேண்டும். கையில் இருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்றால், வேறு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பஞ்ச காலத்துக் கஞ்சியை விரதம் என்று சொல்வது நமக்குப் பழகிப்போய்விட்டது.

இதைத் தரங்கம்பாடியில் நின்றுகொண்டு சொன்னதுதான் வேடிக்கை. 1706 ஜூலை 9-இல் இந்தக் கடற்கரையில் இறங்கிய சீகன்பால்குவுக்கு வயது 23. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றவர். அவர் வந்ததே ஒரே ஒரு புத்தகத்தைப் பரப்புவதற்காக. உலகத்தில் ‘ஒரு புத்தகம் போதும்’ என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அந்தப் பாதிரியாருக்குத்தான் இருந்தது. அவர் என்ன செய்தார்? ஆள் அனுப்பி ஏடுகளை விலைக்கு வாங்கினார், வாங்க முடியாததைப் பிரதி எடுக்கச் செய்தார், ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் படித்தார். 1708-இல், அதாவது வந்து இரண்டே வருஷத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இலக்கணம், நீதி நூல், புராணம், கதை, எல்லாம் அதில் உண்டு. சில ஏடுகளை அவர் பலமுறை படித்தது உண்மை. அந்த ஒரு துணுக்கை எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளட்டும். பிறகு அச்சுக்கூடம் வந்தது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் போதாமல் போனபோது எழுத்தைச் சிறிதாக வார்த்தார்கள், பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் அங்கே நிற்கிறது. ஒரு பிரதியை ஆழ்ந்து படித்தால் போதும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? ஓலையிலேயே இருந்திருக்கலாமே.

இப்போது பேச்சாளர்களின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியார், கும்பகோணம், 1880 அக்டோபர். இந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு நூலக வாரமும் முடிவதில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் தாம் படித்த அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இந்த இடத்தில் பேச்சாளர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, கூட்டத்தைப் பார்த்து, “பார்த்தீர்களா! நூறு படித்தும் பயனில்லை. ஒரு சிந்தாமணிதான் உ.வே.சா.வை உண்டாக்கியது” என்பார். கைதட்டல் விழும்.

கைதட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? குறைவாகப் படியுங்கள் என்று முதலியார் எங்கே சொன்னார்? இன்னும் படிக்கவில்லையே என்றல்லவா கேட்டார்? நூறு போதாது, நூற்றோராவதும் வேண்டும் என்றவரைக் கொண்டுவந்து ‘ஒன்று போதும்’ கட்சிக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

போகட்டும். அந்தப் பழைய நூறும் வீணா என்று பார்ப்போம். சிந்தாமணி ஏடு எப்படி இருக்கும் என்று இந்தப் பேச்சாளர்களில் யாராவது ஒரு சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற வேறுபாடு கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கர’ என்றும் வாசிக்கலாம், ‘கா’ என்றும் வாசிக்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. எங்கே அடி முடிகிறது, எங்கே பாட்டு முடிந்து உரை தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. மேலே பூச்சி அரித்த ஓட்டைகள் வேறு. இப்படி மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். இந்தக் காட்டுக்குள் எதை வைத்துக்கொண்டு நுழைவது? எதுகை எங்கே விழும், மோனை எங்கே வரும், இந்தச் சீருக்குப் பிறகு எந்தச் சீர் வரமுடியும் என்று காது சொல்ல வேண்டும். அந்தக் காதை ஐயருக்குக் கொடுத்தது எது? பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட அதே அந்தாதிகளும் கோவைகளும்தான். யமகமும் திரிபும் வேறென்ன? ஒரே எழுத்து வரிசையை நாலு விதமாகப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சி. சிறுபிள்ளையாக அரியலூரில் சடகோபையங்காரிடம் தொடங்கி, 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, பிள்ளை 1876-இல் மறையும்வரை பாடம் கேட்டுக் கேட்டுக் குவித்த மூட்டை அது. அந்த மூட்டை இல்லாமல் சிந்தாமணிச் சுவடியை அவரிடம் கொடுத்திருந்தால், கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜையறையில் வைத்திருப்பார்.

அதற்குப் பிறகாவது அந்த ‘ஒன்று’ ஒன்றாகவே இருந்ததா? நச்சினார்க்கினியர் உரையைப் பிரித்தால், பெயர் சொல்லாமல் எங்கெங்கிருந்தோ மேற்கோள்கள். அவை எந்த நூல் என்று தெரியாமல் உரை விளங்காது. ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளைத் துழாவினார். ஊர் ஊராகப் போனார். சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டு வாசலில் போய் நின்று சந்தேகம் கேட்டார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தபோது அதற்குள் ஒரு நூலகமே செரித்துக் கிடந்தது. தேடிய தேட்டத்தில் கிடைத்தவை 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று வந்துகொண்டே இருந்தன. ஒரு நூலின் ஆழம் அந்த நூலுக்குள் இல்லை. பக்கத்து நூல்களில் இருக்கிறது. ‘சரி, திருக்குறள் ஒன்று போதாதா?’ என்பார்கள். குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பது வழக்கு. பரிமேலழகரும் மணக்குடவரும் குறள்களின் வரிசையிலேயே ஒத்துப்போவதில்லை. மேலே மு.வ. உரை, கலைஞர் உரை. எண்ணிக்கொள்ளுங்கள், அந்த ‘ஒன்று’ எத்தனை என்று.

‘பிள்ளைகள் கண்டதையும் படிக்கிறார்கள்’ என்பது அடுத்த புகார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோடு போட்ட நீள நோட்டு. இடப்பக்கம் புத்தகத்தின் பெயர், வலப்பக்கம் ஒரே வரியில் அபிப்பிராயம். தெனாலிராமன் கதைகளுக்கு எதிரே, ‘ராஜாவுக்கு அறிவே இல்லை.’ பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்கு, ‘வந்தியத்தேவனுக்கு எப்பவும் பசி.’ மூலிகை வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது: ‘ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன், பாதி தப்பு என்றது.’ புயலிலே ஒரு தோணி: ‘தோணி என்று எடுத்தேன். புரியவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறேன்.’ நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள், விட்டுவிட்டேன் என்று எழுதவில்லை. நூல் மதிப்புரை என்ற பெயரில் வருகிறவற்றில் இவ்வளவு நேர்மையை நான் பார்த்து நாளாகிறது. உருப்படியாகப் படித்தாயா என்று கேட்டவர் இந்த நோட்டைப் புரட்டியிருக்கலாம். அவருக்குக் கார் காத்துக்கொண்டிருந்தது.

சமையல் குறிப்பும் ராசிபலனும்கூட அந்த நோட்டில் உண்டு. அலமாரியில் அவைதான் இருந்தன, அவள் என்ன செய்வாள்? பேச்சாளர் தலைமுறை மட்டும் என்ன, தொல்காப்பியத்தோடா வளர்ந்தது? அம்புலிமாமாவின் வேதாளமும் 1972-இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியும் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டு எத்தனை வகுப்புகளைத் தாண்டின! அன்றைக்கு அதற்கு முதுகில் விழுந்தது. இன்றைக்கு அதையே ‘எங்கள் காலத்து வாசிப்பு’ என்று மேடையில் உருகுகிறார்கள்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒன்று. நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே பிஜித் தீவில், 1980-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. கிராமப்புறப் பள்ளிகள் எட்டுக்கு, பள்ளிக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம், அந்தப் பிள்ளைகளுக்கு அது வீட்டு மொழி அல்ல. வழக்கமான பாடமுறையிலேயே நடத்திய பள்ளிகளைவிட, கதைகளில் மூழ்கவிட்ட பள்ளிகளின் பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதில் இருமடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் 1983-இல் எழுதி வெளியிட்டார்கள். இதற்குப் பேச்சாளர்கள் பதில் சொன்னதில்லை. கேள்விப்பட்டிருந்தால்தானே.

பிள்ளை படித்த எண்ணிக்கையைச் சாதனைச் சான்றிதழாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிற பெற்றோரைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். அது பெற்றோரின் வியாதி. மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்பானேன்?

தரங்கம்பாடியிலிருந்து வடக்கே போனால் சீர்காழி. 1892-இல் எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த ஊர். நூலகத் தந்தை என்று ஒவ்வொரு மேடையிலும் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ‘ஒன்றை ஆழ்ந்து படி’ என்று ஒரு விதி இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை வீணாக்காதே, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில், கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் அலமாரி கட்டிக் கிராமம் கிராமமாகப் புத்தகம் அனுப்பினார். ஊருக்கு ஒரு புத்தகம் போதுமென்றால் ஒரு தபால்காரர் போதும், வண்டியும் மாடும் எதற்கு?

1948-இல் சென்னை மாகாணம் நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் தலைப்புகளைக் குறைத்து வாங்குங்கள், பிள்ளைகள் ஆழ்ந்து படிக்கட்டும் என்று எந்தப் பேச்சாளரும் இன்றுவரை மனுப் போட்டதாகத் தெரியவில்லை. அவர்களில் பாதிப் பேர் நூலாசிரியர்கள். நூலக ஆணை வந்தால், எத்தனை பிரதி, எத்தனை தலைப்பு, போன வருஷத்தைவிடக் கூடவா என்றுதான் பதிப்பாளரிடம் முதலில் விசாரிக்கிறார்கள்.