நியூட்ரலும் எர்த்தும் ஒன்றல்ல

2009இல் போர் ஓய்ந்தபின் மக்கள் திரும்பிய ஊர்களில், முன்பு மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்த பல கிணறுகளில் இன்று மின்மோட்டர் ஓடுகிறது. இது நல்ல மாற்றமே. ஆனால் வீட்டுப் பிரதான பலகையிலிருந்து கிணற்றடிக் கொட்டிலின் சிறு பலகைக்கு இரண்டு கம்பிகளை மட்டும் இழுத்து, நியூட்ரலையும் எர்த்தையும் அங்கே சேர்த்துக் கட்டும் வழக்கம் ஆபத்தானது. மூன்றாவது கம்பியின் விலை மிச்சம் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இந்த மிச்சம் எமக்கு வேண்டாம் என்கிறோம்.

நியூட்ரல் வயல் வாய்க்காலைப் போன்றது. மோட்டர் ஓடும் நேரமெல்லாம் அதில் மின்னோட்டம் திரும்பி வரும். எர்த் குளத்து வானைப் போன்றது. ஆபத்து வேளையில் மட்டுமே அது பாய வேண்டும். இரண்டையும் சிறு பலகையில் சேர்த்தபின் நியூட்ரல் எங்காவது அறுந்தால், மோட்டரின் உடலிலேயே 230 வோல்ற்று ஏறி நிற்கும். ஈரக் காலுடன் அதைத் தொடுபவர் தப்புவது அரிது.

சேர்த்துக் கட்டினால் வீட்டிலுள்ள ட்ரிப் சுவிச் அடிக்கடி விழும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லை என்று அது எச்சரிக்கிறது. அந்தக் கரைச்சலுக்காகச் சுவிச்சையே கழற்றிவிடுவது காவல்காரனைத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

"எர்த் கோல் நட்டிருக்கிறோமே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. கோலின் மண்தடை 50 ஓம் என்றால் அதனூடாக 5 அம்பியருக்கும் குறைவாகவே ஓடும். 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்சே உயிரைக் காக்கும்.

எனவே வேலை செய்பவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வீட்டிலிருந்து தனி எர்த் கம்பி, சிறு பலகையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வெவ்வேறு கட்டைகள், இரும்புப் பெட்டியும் மோட்டர் உடலும் எர்த்தில் மட்டும் இணைப்பு. பயிற்சி பெற்ற மின்னியலாளரே இதைச் செய்யட்டும். கமக்காரர் அமைப்புக்கள் கம்பியை மொத்தமாக வாங்கிப் பகிரலாம். வீட்டுத்திட்டம் வகுப்போரும் எர்த் கம்பியை மதிப்பீட்டிலிருந்து வெட்டலாகாது.

எத்தனையோ இழந்து, உயிரை மட்டும் கையில் பிடித்து ஊர் திரும்பிய மக்கள் நாம். சில மீற்றர் பச்சைக் கம்பிக்காக அந்த உயிரைக் கிணற்றடியில் பணயம் வைக்கலாமா?