மதுசாரம் ஓடும் காருக்கு எந்தக் குழாய்?

சென்ற வாரம் நமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று ஒரு தாயார் எழுதியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொழில் பார்க்கும் அவருடைய மகன், 1960-களில் செய்யப்பட்ட பழைய கார் ஒன்றை வாங்கி, ஓய்வு நாள்களில் தாமே கழற்றிப் பூட்டி வருகிறாராம். அதோடு நில்லாமல், பெற்றோலை விட்டு எதனோல் என்னும் மதுசாரத்தில் அதனை ஓட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாராம். சாராயத்தில் கார் ஓடுமா, ஓடினாலும் தீப்பற்றாதா என்று அந்த அம்மையார் கேட்கிறார். முதற் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறலாம்: ஓடும். இரண்டாவது கேள்வியே நம்மைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில், அதற்குரிய விடை பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. தாங்கியிலிருந்து இயந்திரம் வரை எரிபொருளைக் கொண்டு செல்லும் குழாயில் இருக்கிறது.

மதுசாரத்தில் கார் ஓட்டுவது புதுமையன்று. பிறேசில் நாட்டு அரசாங்கம் 1975 இல் கரும்பு மதுசாரத் திட்டத்தைத் தொடக்கியது. 1979 இல் பியற் 147 என்னும் சிறு கார் மதுசாரத்தில் மட்டுமே ஓடும் வகையில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் புகையில் வீசிய வாடையைக் கண்டு அந்நாட்டு மக்கள் தங்கள் கரும்புச் சாராயத்தின் பெயரையே அதற்குச் செல்லப் பெயராகச் சூட்டினர். அயோவாவிலோ சோளத்திலிருந்து மதுசாரம் வடிக்கிறார்கள். அங்குள்ள நிரப்பு நிலையங்களில் ஈ85 என்று விற்கப்படுவது பெயரளவில்தான் எண்பத்தைந்து. இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப எதனோல் 51 வீதம் முதல் 83 வீதம் வரை இருக்கும். மிகுதி பெற்றோல்.

இந்த மதுசாரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது. மற்றொன்று, பெற்றோல் கரைக்காத பலவற்றைக் கரைப்பது. ஈரம் கலந்த மதுசாரம் நாகம், ஈயம், பித்தளை, பூச்சில்லாத அலுமினியம் ஆகிய உலோகங்களை மெல்ல மெல்ல அரிக்கும். பழைய காரின் தாங்கியில் உள்ளே ஈயப் பூச்சு இருப்பதுண்டு. காபரேற்றரோ நாகம் கலந்த வார்ப்பு. ஆகவே குழாயை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும். அன்றியும், தாங்கியின் அடியில் ஐம்பது ஆண்டுகளாகப் படிந்து கிடந்த பிசினை மதுசாரம் கழுவிக்கொண்டு வந்து வடியில் அடைத்துவிடும். முதற் சில நாள்களில் வண்டி நடுத்தெருவில் நின்றால் மதுசாரத்தைப் பழிக்க வேண்டாம். வடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

றப்பரின் கதி இன்னும் மோசம். பழைய குழாய்கள் பெற்றோலை எண்ணிச் செய்யப்பட்டவை. மதுசாரம் பட்டதும் அந்த றப்பர் ஊதி மெதுவாகும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். 2025 இல் இந்தியாவில் பெற்றோலுடன் 20 வீதம் எதனோல் கலந்து விற்றபோது, பழைய வண்டி வைத்திருப்போர் றப்பர் உறுப்புகளைப் பற்றிக் கவலையுற்றதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். இருபது வீதத்துக்கே அந்தக் கவலை என்றால், எண்பதுக்கு என்ன சொல்வது? வெடிப்பு உட்புறத்திலேயே தொடங்குகிறது என்பதுதான் கொடுமை. வெளியே விரலால் தடவிப் பார்த்தால் குழாய் புதிது போலவே இருக்கும்.

இனி, கடையில் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறோம். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியால் பின்னப்பட்ட பளபளப்பான குழாய் ஒன்று உண்டு. பந்தயக் கார்களில் காண்பதால் இளைஞர்களுக்கு அதன்மேல் தனி மோகம். ஆனால் அந்தப் பின்னல் வெறும் சட்டைதான். உள்ளே ஓடுவது எந்தப் பொருள் என்பதே கேள்வி. பின்னலுக்குள் சாதாரண றப்பரை வைத்து விற்பதும் உண்டு. அதன் சுவரினூடாக ஆவி கசிந்து, கராஜ் எங்கும் மணக்கும். சில ஆண்டுகளில் உள்ளே வெடித்தும் விடும். மதுசாரத்துக்கு ஏற்றது தெப்லோன் உட்குழாய் கொண்டது. தெப்லோனை மதுசாரம் ஒன்றும் செய்வதில்லை. அதிலும் உட்புறம் கரி சேர்ந்து கறுப்பாக இருப்பதையே வாங்க வேண்டும். வெறும் வெள்ளைத் தெப்லோனில் எரிபொருள் விரைந்தோடும்போது மின்னேற்றம் திரண்டு, சிறு பொறியாகப் பாய்ந்து, சுவரில் ஊசித்துளை இட்டுவிடும். கரி அந்த மின்னைக் கடத்தி அகற்றுகிறது.

தெப்லோன் குழாய்க்குப் பணம் போதாதென்றால், றப்பர் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கட்டும். அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கத்தின் குறியீட்டில் ஜே30 ஆர்7 என்றிருப்பது காபரேற்றர் வண்டிக்குரியது; ஆர்9 என்றிருப்பதன் உட்படலம் புளோரின் கலந்த றப்பர், அது மதுசாரத்தைத் தாங்கும். தாங்கிக்கு உள்ளே பம்பியோடு பொருத்தும் துண்டுக்கு ஆர்9 கூட உதவாது. அதன் வெளிப்புறம் எரிபொருளில் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அங்கே ஆர்10 வேண்டும். ஒரு முழங்கூட வராத இந்தத் துண்டுக்கு விலை அதிகம் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு நியாயமே, ஆயினும் வாங்கத்தான் வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோல் ஒரு பங்கு எரிய, நிறையளவில் 14.7 பங்கு காற்றுத் தேவை. ஈ85 க்குப் பத்துக்குச் சற்றுக் குறைவே போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் செல்ல வேண்டும். 400 குதிரை வலுவுள்ள இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 125 லீற்றர் பெற்றோல் குடிக்குமாயின், ஈ85 இல் 160 லீற்றருக்கு மேல் குடிக்கும். அக்காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இருந்த 5/16 அங்குலக் குழாய் இதற்குப் போதாது. போகும் வழிக்கு அரை அங்குலமும், மிஞ்சியது தாங்கிக்குத் திரும்பும் வழிக்கு 3/8 அங்குலமும் வைப்பது நன்று. கடையில் இவற்றை இலக்கம் 8, இலக்கம் 6 என்பார்கள். அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்த கணக்கு அது.

பூட்டுவதில் நாம் சொல்லக்கூடியது இதுதான். நீண்ட தூரத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குக் குழாயைச் சட்டத்தின் ஓரமாக, புகைக்குழாய்க்கு எதிர்ப்புறத்தில் கொண்டு செல்ல வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு கவ்வி. இயந்திரம் குலுங்குமாகையால், அதனோடு சேரும் இடத்தில் மட்டும் வளையும் குழாய். தகட்டுத் துளையினூடாகச் செல்லும் இடங்களில் றப்பர் வளையம் இடாமல் விட்டால், தகடு குழாயை அறுக்கும். கம்பிப் பின்னல் உள்ள குழாயாயின், அதுவே வாள் போலத் தகட்டையும் பக்கத்து மின்கம்பியையும் அறுக்கும். தெப்லோன் குழாயை ஒருமுறை மடித்து நெளித்துவிட்டால் அது நேராவதில்லை; அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டியதே.

இணைப்புகளில் இரண்டு தவறுகள் மிகுதி. தெப்லோன் குழாய்க்கும் றப்பர் குழாய்க்கும் இணைப்புகள் வெவ்வேறு. தெப்லோனுக்குரியதில் ஒலிவ் காய் போன்ற சிறு பித்தளை அல்லது அலுமினிய வளையம் ஒன்று, பின்னலுக்கும் உட்குழாய்க்கும் இடையில் அமர வேண்டும். அலுமினியமாயின் பூச்சிட்டதாக இருக்கட்டும். வெட்டும் இடத்தில் நாடா சுற்றி நேராக வெட்டி, ஒரு கம்பி இழைகூட உள்ளே வளையாதபடி பார்த்தல் அவசியம். ஓர் இழை சிக்கினால் கசிவு நிச்சயம். மற்றத் தவறு கோணத்தைப் பற்றியது. பந்தய இணைப்புகளின் கூம்பு 37 பாகை. பழைய காரின் குழாய் முனைகள் 45 பாகை. இரண்டும் ஒன்றோடொன்று திருகும். திருகியதும் பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் பொருந்துவதில்லை. கசிகிறதென்று மேலும் இறுக்கினால் கூம்பு பிளக்கும். நூல்நாடாவைச் சுற்றி அடைப்பதும் வீண்; அடைப்பு கூம்பில் உண்டாவதே ஒழியப் புரியில் அன்று.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பார்க்கு ஒரு சம்பவம் கூறுவோம். 1981 இல் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் றிக் மியேர்ஸ் என்னும் ஓட்டுநரின் கார் எரிபொருள் நிரப்ப நின்றபோது, மெதனோல் சிந்தித் தீப்பற்றியது. மெதனோலின் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்கள் தீயையே காணாமல் துடித்தார்கள். ஓட்டுநருக்கு முகத்தில் தீக்காயம். அவர் குணமடைந்து பின்னரும் மூன்று முறை அப்பந்தயத்தை வென்றார் என்பது வேறு கதை. எதனோல் மெதனோலின் உடன்பிறப்பு. அதன் சுவாலை முற்றாக மறைவதில்லை, வெளிறிய நீலமாக இருக்கும். ஈ85 இல் கலந்த பெற்றோல் சற்று மஞ்சளும் தரும். ஆயினும் நண்பகல் வெயிலில் அதைக் காண்பதற்குள் கை சுட்டிருக்கும். சாதாரண நுரையை மதுசாரம் உடைத்துவிடுவதால், கராஜில் இருக்க வேண்டியது உலர்தூள் தீயணைப்பான்.

எனவே அம்மையார் மகனுக்கு எழுதும்போது இதைச் சேர்த்து எழுதலாம். குழாய் முழுவதும் பூட்டிய பின், இயந்திரத்தை இயக்காமல் பம்பியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைக் கடதாசி வைத்துக் கால் மணித்தியாலம் பார்க்கட்டும். மறுநாளும், முதல் நூறு மைல் ஓடிய பின்னரும் அப்படியே பார்க்கட்டும். கழற்றிய பழைய றப்பர் குழாயைத் துண்டுதுண்டாக வெட்டிவிடட்டும். முழுதாகக் கிடந்தால் அடுத்த வீட்டுக்காரர் தம் வண்டிக்கு எடுத்துக்கொள்வார். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து என்ன என்பதை அடுத்த கடிதத்தில் எழுதும்படியும் கேளுங்கள்.